சக்கரம் எட்டாத இடம்

கிலோ முப்பத்தெட்டு என்றார்
ஏகாம்பரகுப்பம் பழைய இரும்புக் கடையில்.
தராசு ஐந்தே கால் காட்டியது.
இருநூறு கொடுத்தேன்.
ஐம்பது பைசா அவர் எனக்குப் பாக்கி.

சக்கரமில்லை, செயினில்லை, சீட்டில்லை.
ஹம்பரின் முன் கவை மட்டும்
பக்கத்துக்கு இரண்டு குழாயாக
விறைத்து நின்றது.
அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.
வேறு கதை எதுவும் இல்லை.

"புது சைக்கிளே ஏழாயிரம்தான்"
என்றாள் தங்கை தேசராணி,
நான் கேட்காமலே.

சென்னையில் ஒருவர் போனிலேயே
பதினோராயிரம் என்றார்.
"விண்டேஜ் சார், விண்டேஜ்" என்றார்.
சார் இல்லை என்று சொல்வதற்குள்
வைத்துவிட்டார்.
திருத்தணியில் கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர்
முந்நூறு போதும் என்று
மயிர் உதிரும் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார்.
ஓடி வந்தேன்.
கும்மிடிப்பூண்டியில் டன் கணக்குக்குத்தான்
தொட்டியைத் திறப்பார்களாம்.

நான் நகரி சாயப்பட்டறையில் நிறம் கூட்டுபவள்.
கறுப்பு என்று ஒற்றை நிறம் எனக்குக் கிடையாது.
நீலத்தில் ஊறிய கறுப்பு,
புளியங்கொட்டைக் கறுப்பு,
முதல் துவைப்பிலேயே காட்டிக்கொடுக்கிற கறுப்பு.
சீட்டு கிளாம்பைக் கழற்றினேன்.
வெயில் தொடாத அரை அங்குலத்தில்
இருந்தது இதன் கறுப்பு:
ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறிய எருமை.

புத்தூர் பஸ்ஸில்
பழைய புடவை சுற்றி மடியில் கிடத்தியிருந்தேன்.
"கட்டு போடவா?" என்றார் கண்டக்டர்.
எலும்பு முறிந்தவர்கள் வருகிற ஊர்.
"ஆமாம்" என்றேன்.
டிக்கெட் ஒன்றுதான் கிழித்தார்.

காதர்வலி புல்லட் சைலன்சருக்கு முலாம் போடுபவர்.
செம்பு, நிக்கல், அதற்கு மேல் குரோம்.
கவையும் ஹேண்டில்பாரும் ஆயிரத்து நானூறு.
"நிக்கலோடு நிறுத்துறவன் எண்ணூறுக்குத் தருவான்,
அவன்கிட்டே போம்மா" என்று
தெருவின் எதிர்ப்பக்கம் காட்டினார்.
நான் நகரவில்லை.
இரண்டு குழாய்க்கும் நடுவே விரலை விட்டார்.
விரல் போனது.
"பாலிஷ் சக்கரம் போகாது.
துருவுக்கு மேலேயே முலாம் ஏறும்,
ஆறு மாசத்துல வெங்காயத் தோல் மாதிரி வரும்.
குரோம் போட்டா
ஒரு குழி ரெண்டாத் தெரியும்மா,
எனக்குத்தான் கெட்ட பேரு."

புடவையைத் திரும்பச் சுற்றினேன்.

விசைத்தறி ஊரில்
எதற்குப் பஞ்சம் இருந்தாலும்
துணி ஓரத்துக்குப் பஞ்சமில்லை.
கூடத்தில் ஜன்னல் கம்பியோடு கவையைக் கட்டி
வெட்டிப் போட்ட ஓரப் பட்டையில்
எமரி மாவும் மண்ணெண்ணெயும் தடவி
சந்துக்குள் நுழைத்து இழுத்தேன்.
ஒரு கையால் இழுத்தால் பட்டை திரும்பி வருவதில்லை.
மூன்றாம் நாள் ராத்திரி
சீரியல் விளம்பரத்துக்குப் போன நேரம்
தேசராணி வந்து மறுமுனையைப் பிடித்தாள்.
அவள் இழுக்க, நான் விட.
நான் இழுக்க, அவள் விட.
விளம்பரம் முடிந்தது.
அவள் போகவில்லை.
பதினொரு ராத்திரி.
உள்ளங்கை இரண்டும் எங்களுக்கு
ஒரே சாம்பல்.

காதர்வலி டார்ச் அடித்துப் பார்த்தார்.
மறுபடி பார்த்தார்.
"பாலிஷ் கூலி கழிச்சு ஆயிரத்து இருநூத்தம்பது."
அவ்வளவுதான் சொன்னார்.

உடம்புக்குப் பெயிண்ட்
ஷேர் ஆட்டோ டிங்கரிங் கடையில்,
முனிராஜின் சாப்பாட்டு நேரத்தில், அறுநூறுக்கு.
கறுப்பை நான் கலந்தேன்.
ஒரு சொட்டு பச்சை விட்டபோது
"கெடுத்துட்டீங்க அக்கா" என்றார்.
காய்ந்த பிறகு
வேறு வேலை இருப்பதுபோல்
மூன்று தரம் சுற்றி வந்தார்.

இன்னும் சக்கரம் வாங்கவில்லை.
ரிம் ஜோடி மூவாயிரம் சொல்கிறார்கள்,
போனஸுக்குப் பார்க்க வேண்டும்.
கூடத்துக் கொக்கியில் தொங்குகிறது.
தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம்
தேசராணி அந்தச் சந்தில்
சுட்டுவிரலை விட்டு
எடுத்துப் பார்க்கிறாள்,
தூசி இருக்கிறதா என்று.